அந்தப் பொடி

போன மாசம் வீடு மாத்தினோம். புத்தகப் பெட்டிகளைப் பிரிச்சு அடுக்கிக்கிட்டு இருந்தப்ப, வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "சமையல் பண்றது நானு, சமையல் புஸ்தகம் பூரா உங்களோடது. இது எந்த ஊரு நியாயம்?" நியாயமான கேள்விதான். பதில் சொல்லாம தூசி தட்டற மாதிரி பாவ்லா பண்ணிட்டேன் :-)

ஆனா கேள்வி மனசுல நின்னுடுச்சு. எனக்கு சமையல் புத்தகம் படிக்கப் பிடிக்கும். கதைப் புத்தகம் மாதிரி ராத்திரி படுத்துக்கிட்டே படிப்பேன். அது ஏன்னு யோசிச்சப்ப கெடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல கொசுவத்தி. 1989. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டு இருந்தேன். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு சிதம்பரத்துல ஒரு வீட்டு மாடியில ரூம் எடுத்துத் தங்கினேன். கடலூர்ல இருந்து சிதம்பரம் ஒண்ணும் தூர தேசம் இல்ல, பஸ் ஏறினா ஒண்ணரை மணி நேரம். ஆனா அடுப்பு முன்னாடி நின்னதும் அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு கடல் இருக்கற மாதிரி ஆயிடுச்சு. எனக்கு வெந்நீர் மட்டும் வைக்கத் தெரியும். கீழே இருந்த வீட்டுக்கார மாமி ரெண்டு வாரம் வேடிக்கை பார்த்தாங்க. மூணாவது வாரம் மேல வந்து, அட்டை கிழிஞ்ச ஒரு புத்தகத்தைக் கையில குடுத்தாங்க. "இதைப் பார்த்துப் பண்ணுடா. இது இருந்தா பக்கத்துல ஆள் இருக்கற மாதிரி."

எஸ். மீனாட்சி அம்மாள் எழுதின 'சமைத்துப் பார்'.

இந்தப் புத்தகத்தைப் பத்தி நம்மில் பல பேருக்குத் தெரியும். கல்யாணச் சீரோட சீரா வச்சுக் குடுப்பாங்க. அமெரிக்கா போற பையன் பெட்டியில ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்துல இதுவும் இருக்கும். முதல் பாகம் 1951-ல வந்தது. அப்புறம் ரெண்டாவது, மூணாவது பாகங்கள், 'குக் அண்ட் சீ'ன்னு இங்கிலீஷ்லயும் வந்தது. மீனாட்சி அம்மாள் இளம் வயசுலயே கணவரை இழந்தவர். நல்லா சமைப்பார்னு உறவுல பேர். கல்யாணமாகி வெளியூர் போன பொண்ணுங்க, இதை எப்படிப் பண்றது அதை எப்படிப் பண்றதுன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. இப்படித் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரு புத்தகமாவே போட்டுடலாமேன்னு யோசனை சொன்னவர் அவங்க உறவினர், வக்கீல் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. கூட இருக்கற பொண்ணுக்குப் புத்தகம் தேவைப்படல. தூரமாப் போன பொண்ணுக்குத்தான் தேவைப்பட்டது. பம்பாய், டெல்லி, கல்கத்தான்னு உத்தியோகத்துக்குப் போன குடும்பங்கள்ல மாமியார் கூட இல்ல, பாட்டி கூட இல்ல. கை மாத்திக் குடுக்கற சங்கிலி அறுந்த எடத்துலதான் சமையல் புத்தகம் பொறக்குது. அர்ஜுன் அப்பாதுரைங்கற மானிடவியல் அறிஞர் 1988-ல இந்திய சமையல் புத்தகங்களைப் பத்தி ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். ஊர் விட்டு ஊர் போய் நகரத்துல குடியேறின நடுத்தர வர்க்கத்துப் பொண்ணுங்கதான் இந்தப் புத்தகங்களை எழுதினாங்க, படிச்சாங்க, பக்கத்து வீட்டு வேற மாநிலத்துக்காரங்களோட பண்டம் மாத்திக்கிட்டாங்கன்னு அதுல சொல்றார். 'இந்தியச் சமையல்'னு ஒண்ணு உருவானதே அப்படித்தான்கறது அவர் வாதம்.

சரி, அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல சமையல் புத்தகமே இல்லையான்னு கேட்டா, இருந்திருக்கு. அதுவும் நம்ம பக்கத்துலயே. சிறுபாணாற்றுப்படை தெரியும் இல்லையா, பத்துப்பாட்டுல ஒண்ணு. அதுல வர்ற தலைவன் நல்லியக்கோடன் ஓய்மா நாட்டு ராஜா. ஓய்மா நாடுன்னா திண்டிவனம் வட்டாரம். 1993-ல விழுப்புரம் தனி மாவட்டமா பிரியற வரைக்கும் திண்டிவனத்துக்கும் கலெக்டர் ஆபீஸ் கடலூர்தான், அதனால அவர் நம்ம மாவட்டத்துக்காரர்னு நான் உரிமையோட சொல்லிக்குவேன்.

அந்தப் பாட்டுல பாணர்கள் போற வழியெல்லாம் சாப்பாடு வருது. நெய்தல் நிலத்துல பரதவர் வீட்டுல சுட்ட மீன். எயிற்றியர் சமைச்ச புளிச்சோறு, கூடவே சுட்ட இறைச்சி. மருத நிலத்துல உழவர் வீட்டுல குத்தின அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். கடைசியில அரண்மனை. அங்க சாப்பாட்டைப் பத்திச் சொல்றப்ப, அது பீமன் எழுதின நூல்ல சொன்ன முறை தவறாம சமைச்சதுன்னு புலவர் சொல்றார். பாண்டவர்ல ரெண்டாமவர், விராட ராஜா வீட்டுல சமையக்காரரா இருந்தாரே அவரேதான். சமையல் நூலுக்கு 'மடைநூல்'னு பழந்தமிழ்ல அழகா ஒரு பேரும் இருக்கு.

இதை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஏன்னா அதுல ஒரு வேடிக்கை இருக்கு. மீன் சுட்ட வீட்டுக்கும் நண்டு சமைச்ச வீட்டுக்கும் நூல் கிடையாது. ராஜா வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான் நூல். அந்த நூலும் ஆம்பள பேர்ல. நளபாகம், பீமபாகம்னு ரெண்டு பேரையும் சொல்லித்தானே இன்னிக்கும் பாராட்டறோம்? வடமொழியில 'பாகதர்ப்பணம்'ங்கற சமையல் நூலும் நளன் பேர்லதான் இருக்கு. 12ஆம் நூற்றாண்டுல 'மானசோல்லாசம்' எழுதினவர் மூன்றாம் சோமேஸ்வரன், கல்யாணிச் சாளுக்கிய ராஜா. இட்லியோட கொள்ளுத்தாத்தா மாதிரி 'இட்டரிகா'ன்னு ஒரு பண்டம் அதுல வருது, உளுந்து மட்டும், அரிசி கிடையாது. சுவாரசியமான நூல், ஆனா அதுவும் அரண்மனை அடுக்களை.

இன்னொரு பக்கம் கல்வெட்டு. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகள்ல சாமிக்குத் தினப்படி என்ன படைக்கணும்னு அளவோட வெட்டி வச்சிருக்காங்க. அரிசி இத்தனை நாழி, நெய்யமுது இத்தனை உழக்கு, ஆழாக்கு, கறியமுது, தயிரமுதுன்னு போகும். எப்படிச் சமைக்கணும்னு மட்டும் இருக்காது. அது மடப்பள்ளிக்காரர் கைக்குத் தெரியும், கல்லுக்கு எதுக்கு?

இந்த 'ஆழாக்கு'தான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட சங்கதி. மாமி குடுத்த புத்தகத்துலயும் ஆழாக்குதான் அளவு. சோழன் கல்லுல வெட்டின அளவு 1951-ல அச்சுல வந்த சமையல் புத்தகம் வரைக்கும் உசிரோட இருந்திருக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனா ஊருக்கு ஊர் படியே வேற! 1956-ல மெட்ரிக் சட்டம் வந்து, 1960கள்ல கிராமும் லிட்டரும் கடைக்கு வந்ததும், ஆயிரம் வருஷத்து அளவு ஒரே தலைமுறையில காணாமப் போயிடுச்சு. நான் மாடியில நின்னுக்கிட்டு, "மாமி, ஆழாக்குன்னா எந்த டம்ளர்?"னு கத்தினது இன்னும் ஞாபகம் இருக்கு.

வெள்ளைக்காரங்களும் இங்க சமையல் புத்தகம் போட்டிருக்காங்க. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனி 1690-ல மராட்டியர்கிட்ட இருந்து வாங்கினது சரித்திரப் பாடத்துல படிச்சதுதான். இருநூறு வருஷம் கழிச்சு, 1878-ல, கென்னி-ஹெர்பர்ட்ங்கற ராணுவ அதிகாரி 'வைவர்ன்'ங்கற புனைபேர்ல மெட்ராஸ் துரைசானிகளுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுதினார். அதுல நம்ம மிளகுத்தண்ணி 'முல்லிகடானி'யா மாறின கதையும் வருது. அந்தப் புத்தகமும் ஊர் விட்டு வந்தவங்களுக்காக எழுதினதுதான். தன் ஊர் ருசி எட்டாத தூரத்துல இருக்கறவங்களுக்கு எழுதின கையேடு. சங்கிலி அறுந்த எடம்னு சொன்னேன் இல்ல? அதேதான்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். ஒரு லீவுல மாமி புத்தகத்தை ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால நான் சத்தமாப் படிக்க, அது கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டுச்சு. பருப்பு உருண்டைக் குழம்பு, மோர்க் குழம்பு, ரசத்துல இத்தனை வகை... ரொம்ப நேரம் கேட்டுச்சு. "நல்லாதான் எழுதிருக்குது அந்தம்மா. பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே இருக்குது"ன்னு சொல்லிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "இதுல நம்ம கொழம்பு எங்கடா?"ன்னு கேட்டுச்சு.

நம்ம கொழம்புன்னா என்ன? நெத்திலிக் கருவாடும் மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்டு வைக்கிற கொழம்பு. குழந்தை பெத்தவளுக்குப் பால் ஊறணும்னு பண்ற சுறாப்புட்டு. பண்ருட்டிப் பக்கம் பச்சை முந்திரியில பண்ற கறி, பலாக்கொட்டைப் பொரியல். ஆடி மாசம் கூழுக்குத் தொட்டுக்கற கருவாட்டுத் தொக்கு. ஒண்ணு கூட அதுல கிடையாது. இருக்கவும் முடியாது, அந்தம்மா தன் வீட்டு சைவச் சமையலைத்தான் எழுதினாங்க. அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. அவங்க வீட்டுக் கொழம்பை அவங்க எழுதினாங்க. எங்க வீட்டுக் கொழம்பை எழுதாதது அவங்க குத்தமா?

அப்புறம் நிறைய வந்தது. மல்லிகா பத்ரிநாத் 1988-லயே எழுத ஆரம்பிச்சிருந்தாங்க. கண்ணதாசன் பொண்ணு ரேவதி சண்முகம் செட்டிநாட்டுச் சமையலை எழுதினாங்க. கொங்கு, நெல்லைன்னு அடுத்தடுத்து வந்தது. எல்லாத்தையும் வாங்கிடுவேன். வாங்கினதும் பொருளடக்கத்துல முதல்ல தேடறது 'கடலூர்'. எங்கயாவது ஓரத்துல 'சிதம்பரம் கொத்சு' மட்டும் தட்டுப்படும்.

அந்தக் கொத்சு பாக்கியசாலி. அதுக்குக் கோயில் இருக்கு. நடராஜர் கோயில்ல நைவேத்தியம் பண்ற சம்பா சாதத்துக்கு அதுதான் ஜோடின்னு ஊரே சொல்லும். சம்பா சாதத்துல நெய்யும் மிளகும் சீரகமும், மிளகாய் கிடையாது. மிளகாய் போர்த்துகீசியர் வந்தப்புறம் வந்த சரக்கு, அதனால அதன் பழமைக்கு அதுவே சாட்சின்னு எனக்குத் தோணும். கத்தரிக்காயை எண்ணெய்ல வதக்கி மசிச்சு, புளியும் வறுத்து இடிச்ச பொடியும் போட்டுப் பண்ற கொத்சுல மிளகாய் உண்டு. அந்த வகையில தட்டுல ரெண்டு நூற்றாண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. மார்கழித் திருவாதிரைக்குக் களியும் அப்படித்தான். சேந்தனார் குடுத்த களியை நடராஜர் ஏத்துக்கிட்ட கதை இருக்கற வரைக்கும் அந்தக் களி சாகாது.

வடலூரைப் பாருங்க. வள்ளலார் 1867 மே 23 அன்னிக்கு சத்திய தருமச்சாலையில ஏத்தின அடுப்பு இன்னிக்கும் அணையல. அங்க செய்முறைப் புத்தகம் எதுக்கு? நேத்து கிளறினவர் பக்கத்துல இன்னிக்குக் கிளறப் போறவர் நிக்கிறார். கோயிலும் தருமச்சாலையும் இருக்கற சமையலுக்கு எழுத்து வேணாம். எங்க வீட்டுக் கருவாட்டுக் கொழம்புக்குக் கோயிலும் இல்ல, மடமும் இல்ல. அதுக்கு இருந்தது எங்க அம்மா கை மட்டும்தான்.

இது எனக்கு உறைக்க 2011 ஆச்சு. அந்த வருஷம் டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சதை நீங்க எல்லாரும் டிவியில பார்த்திருப்பீங்க. எங்க தோட்டத்துப் பலா மரமும் போச்சு. சுனாமியப்பவே அம்மா பாதி ஒடிஞ்சிருந்துச்சு, தேவனாம்பட்டினத்துல தெரிஞ்ச வீடுங்க எத்தனையோ. மரம் விழுந்த மறுநாள், "இனிமே பலாமூசுக் கறி யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது"ன்னு சொல்லுச்சு. அன்னிக்குத்தான் ஒரு நோட்டு வாங்கினேன்.

ஒவ்வொரு தடவை ஊருக்குப் போறப்பவும் அம்மா சொல்ல நான் எழுதினேன். ஆறு வருஷத்துல பதினாலு அயிட்டம். அம்மாவோட அளவு எல்லாம் கண்ணளவும் கையளவும்தான். எப்பவாவது "ஒரு ரூவா எடை"ன்னு சொல்லும். அது பழைய வெள்ளி ரூபாயோட எடை, ஒரு தோலா, பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல. எங்கிட்ட இருக்கற ஒரு ரூபா காசு நாலு கிராம் கூட இல்ல. நான் காசை வச்சு நிறுத்து மசாலா போட்டு, கொழம்பு சப்புன்னு போனது தனிக் கதை :-)

2018-ல அம்மா போயிடுச்சு. காரியம் எல்லாம் முடிஞ்சு ஒரு வருஷம் நோட்டைத் தொடல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, மொச்சையும் நெத்திலியும் வாங்கி வந்து, நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு அடுப்பைப் பத்த வச்சேன். என் கையெழுத்துதான். "கத்தரிக்காய் பாதி வெந்ததும் கருவாட்டைப் போடணும். கொதி அடங்கினதும் அந்தப் பொடியைத் தூவி எறக்கணும்."

அந்தப் பொடி.

எந்தப் பொடி?

பக்கத்தைப் புரட்டினேன். பதினாலுல ஆறு எடத்துல 'அந்தப் பொடி'ன்னு எழுதி இருக்கேன். எழுதினப்ப எனக்குத் தெரியும். அடுக்களையில மேல் தட்டுல, மஞ்ச மூடி போட்ட பாட்டில்ல இருக்கும். அதுல என்ன போட்டிருக்குன்னு கேக்கத் தோணவே இல்ல. கையை நீட்டினா கெடைக்கிற ஒண்ணை எவன் எழுதி வைப்பான்?

அன்னிக்குத்தான் மீனாட்சி அம்மாளோட பெருமை முழுசா புரிஞ்சது. அவங்க புத்தகத்துல 'அந்தப் பொடி' கிடையாது. தன்னைத் தவிர வேற யாருமே பக்கத்துல இல்லாத ஒரு பொண்ணு படிக்கப் போறான்னு நினைச்சு எழுதினாங்க. எத்தனை ஆழாக்கு, எதை முதல்ல போடறது, எப்ப எறக்கறதுன்னு ஒண்ணு விடாம. 'கைப்பக்குவம்'னு புகழ்ந்துட்டுப் போற உலகத்துல, அந்தக் கைக்கு உள்ள என்ன இருக்குன்னு சொல்லலாம்னு அவங்க நம்பினாங்க. நாம கைப்பக்குவம் கைப்பக்குவம்னு பாராட்டினதெல்லாம், யோசிச்சுப் பார்த்தா, உக்காந்து கேக்காம இருக்கறதுக்கு ஒரு சாக்குதானோ?

எங்கிட்ட இன்னொரு புத்தகம் இருக்கு. இங்கிலீஷ்ல 1996-ல வந்தது. ரெண்டாம் உலகப் போர்ல நாஜிகள் யூதர்களை அடைச்சு வச்ச தெரேசின் முகாம்ல, பட்டினியில கெடந்த பொண்ணுங்க தங்க வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கிடைச்ச தாள்ல எழுதி வச்சாங்க. மீனா பேக்டர்ங்கற அம்மா 1944-ல அங்கயே செத்துப் போறப்ப, அந்தக் கட்டைத் தன் பொண்ணுகிட்ட சேர்க்கச் சொல்லிட்டுப் போனாங்க. அது நியூயார்க்ல இருந்த பொண்ணு கைக்கு வர கால் நூற்றாண்டு ஆச்சு. அதுலயும் சில குறிப்புகள்ல சாமான் விட்டுப் போயிருக்கு, அளவு இல்ல. பசியில எழுதினவங்களுக்கு விட்டுப் போச்சு. நான் வயிறு நிறைய சாப்பிட்டுட்டு, விசிறிக்குக் கீழ உக்காந்து எழுதினேன். எனக்கு விட்டுப் போக என்ன காரணம் இருக்கு?

அந்தப் பொடியைத் தேடி பெரியம்மாகிட்ட போனேன். எண்பத்தஞ்சு வயசு. "வெறும் மல்லியும் மிளகும் வெந்தயமும்டா"ன்னு சொன்னாங்க. சித்தி, "கடுகு வறுத்து இடிக்காம அது எப்படி வரும்? அக்காவுக்கு மறந்து போச்சு"ன்னாங்க. ரெண்டையும் சேர்த்துப் பண்ணிப் பார்த்தேன். பையன், "ஆயா கொழம்பு மாதிரி இருக்குப்பா"ன்னான். நான் ஒண்ணும் சொல்லல. மாதிரிதான் இருந்தது. இன்னும் ஒரு சாமான் அதுல இருக்கு. மூக்குக்குத் தெரியுது, பேர் சொல்லத் தெரியல.

இப்ப வீட்டம்மா கேள்விக்கு பதில். புத்தகம் பூரா என்னோடதா இருக்கறதுக்குக் காரணம், கேக்க வேண்டிய நேரத்துல நான் கேக்கல. அவங்க அவங்க அம்மாகிட்ட கேட்டுக்கிட்டாங்க, அதனால அவங்களுக்குப் புத்தகம் வேணாம்.

மக்களே, உங்கள்ல பல பேர் எங்க எங்கயோ இருக்கீங்க. அம்மாவோ அத்தையோ ஆயாவோ போன்ல இன்னும் கிடைக்கிறாங்கன்னா, இந்த வாரமே ஒரு கொழம்பைக் கேட்டு உங்க பக்கத்துல எழுதுங்க. முழுசா எழுதுங்க. "அந்தப் பொடி"ன்னு மட்டும் எழுதிடாதீங்க.

டிஸ்கி: நெத்திலிக் கருவாட்டுக் கொழம்புல கடைசியா தூவற பொடியில மல்லி, மிளகு, வெந்தயம், கடுகு தவிர உங்க வீட்டுல வேற என்ன போடுவீங்கன்னு கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து மக்கள் யாராவது பின்னூட்டத்துல சொன்னீங்கன்னா, புண்ணியமாப் போகும். நோட்டுல ஆறு எடத்துலயும் கோடு போட்டு இடம் விட்டு வச்சிருக்கேன்.